தொண்ணூறு சதம் பச்சை

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை எங்கே பார்க்கிறார்கள்? ஆகாயத்திலிருந்து எடுத்த நிலத்துப் போட்டோவைத்தான் பார்க்கிறார்கள். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. கேசரி ஆறிக் கிடக்க, மாப்பிள்ளையின் அப்பா போனை நீட்டினார்.

“ஒங்க நெலத்துல தொண்ணூறு சதம் பச்சை மூடியிருக்கு சம்பந்தி. எங்களுக்குப் பரம திருப்தி.”

எனக்குக் கூசியது. முதுகு பிடித்துக்கொண்டதென்று களை எடுக்காமல் விட்டவன் நான். மணிலாக்கொட்டைச் செடியை அமுக்கிக்கொண்டு கோரைப்புல் மண்டிக் கிடந்தது.

“அதுல பாதி கோரைங்க” என்றேன்.

“நல்லா தமாஷ் பண்றீங்க. மெஷின் பொய் சொல்லுமா?” என்று சிரித்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் நிலத்தில் களைக்கொட்டோடு குனிந்தேன். மகள் அஞ்சலாட்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“கொத்துனா சதம் எறங்கிடும்ப்பா. அவங்க தெனம் பாக்குறாங்க. இந்த எடமும் போயிடும். தாலி ஏறுற வரைக்கும் விட்டுடு.”

களைக்கொட்டைக் கீழே போட்டேன். பக்கத்து நிலத்துக் குப்பம்மா வரப்பில் நின்று கேட்டாள்.

“என்னா மாமா, இந்த வருசம் கோரை வெள்ளாமையா?”

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்தேன். தொண்ணூறாம், தொண்ணூறு!