வாசலில் விழுந்தவர்

“பேரன் பேத்தி எடுத்த வயசுல குடிச்சுட்டு வந்து வாசல்ல கெடக்கீகளே, உங்களுக்கு வெக்கமா இல்ல?”

ரெங்கம்மாள் போட்ட சத்தத்தில் தல்லாகுளத்து அந்தச் சந்து முழுக்க ஜன்னல் திறந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான் மகன் அழகுபாண்டி. கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா வெள்ளைத்துரை, முழங்கையில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையிலிருந்து பிராந்தி நெடி குப்பென்று அடித்தது. போன வாரமும் இதே கூத்துதான்.

“என்ன தம்பி, அப்பாவுக்கு இன்னைக்கும் தீபாவளியா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். அழகுபாண்டிக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“எந்திரிங்கப்பா. ஒத்தக்கால் செருப்ப எங்க விட்டீக?”

வெள்ளைத்துரை குனிந்து பார்த்தார். செருப்பு போனதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“செருப்பு கழண்டதுகூடத் தெரியாத அளவுக்கு ஏத்திருக்காரு பாரு,” என்று தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள் ரெங்கம்மாள்.

அழகுபாண்டி அவரை உள்ளே கூட்டிவந்து காயத்தைத் துடைத்தான். “குடிய நிப்பாட்டுற ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போறோம். தெருவுல தல காட்ட முடியல.”

“சரிப்பா, போவோம். கப்பலூர் கம்பெனிக்கு லீவு மட்டும் சொல்லிர்றேன். ஸ்டோர் சாவி என்கிட்டதான இருக்கு.”

குடிகாரன் இப்படி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வானா? அழகுபாண்டி முகத்தருகே குனிந்தான்.

“எங்க, ஊதுங்க.”

வெற்றிலை வாசம் மட்டும்தான் வந்தது.

வெள்ளைத்துரை அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். “சுகர்ல பாதம் மரத்துப்போச்சு தம்பி. மிதிக்கிற தரை தெரிய மாட்டேங்குது. சின்ன பாட்டில் ஒண்ணு பையில வச்சிருக்கேன். விழுந்தா சட்டையில தெளிச்சுக்கிருவேன்.”

“ஏம்ப்பா இப்பிடி? விழுந்துட்டேன்னு சொன்னா என்ன?”

“குளிக்கிற எடத்துல ஒருதடவ வழுக்குனதுக்கே உன் அத்தைய அப்பறம் வாசப்படி தாண்ட விடலயே நீ. கட்டில்லயே கெடந்துல்ல போயிச் சேந்தா.”

அழகுபாண்டி கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடிகாரனத் திட்டத்தான செய்வீக? வேலைக்குப் போகாதன்னு கட்டில்ல போட மாட்டீகல்ல?”

உங்கள் வீட்டிலும் யாராவது விழுந்ததை மறைத்திருக்கிறார்களா? எதற்குப் பயந்து மறைத்தார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.