கெட்டுப்போன அச்சு

"யாரைக் கேட்டுடா என் அச்சுல அரத்தை வச்சே?"

கொல்லைப்புறத்திலிருந்து கணவரின் சத்தம் வந்ததும், அடுக்களையில் அவள் கையிலிருந்த டீ கிளாஸ் தளும்பிவிட்டது. திட்டு வாங்குவது வேறு யாருமில்லை. அவளுடைய ஒரே தம்பி. கிளாஸிலிருந்ததும் அவனுக்கான டீதான்.

போட்டது போட்டபடி ஓடினாள்.

தகரக் கொட்டகைக்குள் ஸ்டவ்வின் மேல் இரும்புக் கரண்டியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. தூண்டில் முள்ளின் தலையில் ஈயத்தை வார்த்துக் குண்டு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மீன் பிடிக்கும் கூட்டாளிகள் அவரைக் 'குண்டு மன்னர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி.

அந்த மன்னரின் அலுமினிய அச்சைத்தான் போன வாரம் தம்பி இரவல் கேட்டு வாங்கிப் போனான். இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான், முள் உட்காரும் பள்ளத்தை அகலமாக ராவி வைத்து!

"பாரு, உன் தம்பி பண்ண லட்சணத்தை!"

குறட்டால் ஒரு குண்டைத் தூக்கிக் காட்டினார். ஈயம் பள்ளத்து ஓரமாக வழிந்து, முள்ளின் காதையே அடைத்துக்கொண்டிருந்தது.

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தறதுன்னா இதுதான். இதுல எங்கேடா தூண்டில் நரம்பைக் கோக்கறது?"

"பழைய முள்ளைப் போட்டா வழியத்தான் செய்யும் அத்தான். இதைப் போட்டு ஊத்துங்க." தம்பி ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே முட்கள். கம்பி தடிமன், காதும் பெரிசு.

"இது முள்ளா, மாடு கட்டற வளையமா? நான் என்ன ஏரியில திமிங்கலமா பிடிக்கப் போறேன்?"

"ஒரே ஒரு தடவை, அத்தான்..."

"பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேண்டா அந்த அச்சை. குட்டிச்சுவராக்கிட்டு யோசனை வேற சொல்றியா? இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே!"

அவள் குறுக்கே புகுந்தாள். "என்னங்க, ஏதோ தெரியாம... சின்னப் பையன்..."

"ஆமா. மீசை நரைக்கப் போற சின்னப் பையன்!"

தம்பி பொட்டலத்தைப் பலகை மேல் வைத்துவிட்டு நடந்தான். அவள் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

"உனக்கு ஏண்டா இந்த வேலை? அந்த மனுஷனே மூட்டு வலின்னு ஏரிக்குப் போறதை விட்டுட்டு, கூட்டாளிங்களுக்குக் குண்டு ஊத்திக் கொடுக்கறதோட நிறுத்திக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டாளிங்க வாசல்ல ஹாரன் அடிச்சிட்டு அடிச்சிட்டுப் போறாங்க. வீட்டுல உக்காந்துக்கிட்டு, பேப்பர்ல எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்கன்னு பேப்பர் போடறவர்கிட்ட சண்டை. இப்ப நீயும் சேர்ந்து கிளறி விடணுமா?"

"மூட்டு வலியாமா?" தம்பி சிரித்தான். "கடைசியா போனப்ப கரை மேட்டுல முதல் ஆளா ஏறினவர் அவர்தான்."

"சிரிக்காதேடா. போகச் சொல்லிட்டாரு."

"வாசப்படியை மிதிக்காதேன்னுதானே சொன்னாரு? நான் கேட்டுக்கு வெளியில நிக்கறேன். நீ போய் வேறே டீ போடுக்கா." வண்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டான்.

இவனைத் திருத்த முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து டீயை அடுப்பில் வைத்தாள். ஈயப் புகை வராமலிருக்கச் சாத்தி வைத்த ஜன்னலின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

உருக்கின ஈயம் வீணாகிறதே என்ற எரிச்சலோ என்னவோ, அவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். பெரிய காது முள்ளை அச்சில் வைத்தார். மூடி, ஊற்றி, ஆறவிட்டுத் திறந்தார்.

குண்டு பிசிறில்லாமல் வந்திருந்தது. அப்போதும் முகம் உர்ரென்றுதான் இருந்தது.

நரம்பை இழுத்து முனையை எச்சிலில் நனைத்தார். கோக்கப் போகிறார்.

அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. மூட்டு வலி ஆரம்பித்த அன்றும் அவர் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முள்ளைக் கையை நீட்டிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, அதன் காதில் நரம்பைக் குத்திக் குத்திப் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லாவற்றையும் பெட்டியில் எறிந்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார்.

இப்போது நரம்பு ஒரே குத்தில் உள்ளே போய்விட்டது.

உருவினார். மறுபடியும் கோத்தார். போனது. கண்ணை மூடிக்கொண்டுகூட ஒரு தரம் முயற்சி செய்தார், பச்சைப் பிள்ளை மாதிரி. அது மட்டும் போகவில்லை.

டீ பொங்கி அடுப்பை நனைத்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"உன் தம்பி தொலைஞ்சானா, இருக்கானா?" சத்தம் மட்டும் குறையவில்லை.

"கேட் பக்கத்துலதான் நிக்கறான்."

பெட்டியைக் குடைந்து, துணியில் சுற்றியிருந்த இன்னொரு அச்சை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. தம்பி துடைத்த வண்டியையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் அச்சை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதையும் கெடுத்து எடுத்துட்டு வாடா."