மூன்றாவது வரிசை

கதாநாயகன் மண்டியிட்டுக் காதலைச் சொன்ன இடத்தில், மூன்றாவது வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மற்ற வரிசைகள் கொட்டாவி விட்டன.

டைரக்டர் பிராடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரே நாளில், இரவல் சோபாவை வைத்து எடுத்த ஊமைப்படம். இந்த வெள்ளோட்டம் தேறாவிட்டால் படம் கிடங்குக்குப் போகும், ஹாலிவுட்டில் அவர் கதையும் முடியும்.

காட்சி முடிந்ததும் அந்த வரிசைக்குப் போய்க் கத்தினார். அங்கிருந்த ஆறு பேரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

"எங்களுக்குக் காது கேக்காது. உதட்டைப் படிப்போம். உங்க கதாநாயகி சொல்றா: 'வெங்காயம் தின்னுட்டா முத்தம் குடுக்க வருவே? சீக்கிரம் முடிச்சுத் தொலை.'"

அந்த இடத்தில் திரையில் காட்டும் வசன அட்டையில், அவள் பேசுவதாகப் பிராடி எழுதியிருந்தது வேறு. 'அன்பே, நீ இல்லாத நிலவும் எனக்கு இருட்டு.'

படமெடுத்த அன்று, பக்கத்து செட்டின் சுத்தியல் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

தயாரிப்பாளர் ரூடின் நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இனிமே ஒரு அடி ஃபிலிம்கூடக் கிடையாது, பிராடி. வேணும்னா அட்டையை மாத்திப் பாரு. இன்னொரு தடவை போடலாம்."

வெங்காயம். எங்கோ படித்த ஞாபகம்.

வசன அட்டை எழுதும் எட்னா முதலில் கொண்டுவந்த வசனங்களே வெங்காயத்தில்தான் தொடங்கின. முதல் வரியிலேயே கிழித்துப் போட்டு, தானே வேறு எழுதியவர் அவர்தான். அவளை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அத்தனை கர்வம்.

மறுநாளும் அப்படித்தான். இரண்டு முறை கூப்பிட்டார். மூலை மேஜையிலிருந்து அவள் தலையே நிமிரவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, சுற்றிப் போய் முன்னால் நின்றார்.

"நான் கிழிச்சேனே, அதை மறுபடி எழுதித் தர முடியுமா?"

அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தவள், இழுப்பறையைத் திறந்தாள்.

"பிரதி இருக்கு, மிஸ்டர் பிராடி."

அடுத்த வாரம் அதே தியேட்டர். உருகி உருகிக் காதலர்கள் கட்டிப்பிடிக்க, அட்டையில் வெங்காயச் சண்டை. அரங்கமே அதிர்ந்தது. ரூடின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இருபது ஊரில் படத்தை ஓட்டப்போவதாகச் சொன்னார்.

விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிராடி நெஞ்சை நிமிர்த்தி நின்று, பிறகு குனிந்து வணங்கினார்.

மூன்றாவது வரிசையில் மட்டும் கைதட்டல் இல்லை. வெள்ளைக் கைக்குட்டைகளை உயரத் தூக்கி அசைத்தார்கள். காது கேளாதவர்களின் கைதட்டல் அது.

அதே ஆறு பேர். ஆனால் ஏழு கைக்குட்டைகள்.

ஏழாவது, எட்னாவின் கையில் இருந்தது.

"எட்னா!" என்று கூப்பிட வாயெடுத்த பிராடி, சட்டென்று நிறுத்தினார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவள் பார்க்கும்வரை அசைத்தார்.