அந்தப் பூவின் நாற்றம்

மாதங்கிக்குக் காய்ச்சலோடு போன மோப்ப சக்தி ஒரு வருடமாகியும் திரும்பவில்லை. காபியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான். அவள் கணவன் செழியன் சமையலறையில் பேல் ஏல் என்ற வகை பியர் காய்ச்சும் ஞாயிறுகளில், தனக்கு எட்டாத அந்த மணத்தை நினைக்கப் பிடிக்காமல் அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்று அவன், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில், யாரும் தொடாத ஒரு ரகத்தை வாங்கி வந்திருந்தான். "பூண்டு மாதிரி நாறும், பியர் பாழாகிவிடும்" என்று கடைக்காரரே தடுத்துப் பார்த்தார். கொதிக்கும் பானையில் பூவைக் கொட்டிய சற்று நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது.

"பூண்டு வதக்குறியா?"

செழியன் கரண்டியோடு திரும்பினான். "என்ன சொன்னே?"

"பூண்டு வாசனை வருதுடா!"

அதன்பிறகு அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோப்பை முகர்ந்தாள். பெருங்காய டப்பாவை முகர்ந்தாள். வாசலில் கிடந்த அவன் ஷூவைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "ஐயோ, நாறுது! செழியா, என்னமா நாறுது!" என்று குதித்தாள்.

பானை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கப் போனவனை இழுத்து, வேர்வையில் நனைந்திருந்த அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"குளிச்சிட்டு வர்றேன், விடு."

"குளிச்சே, கொன்னுடுவேன்" என்றாள்.