கட்டினவர் படம்

செகந்திராபாத் சர்ச் ஹாலில் ஐவி வரைந்த படங்களைச் சுற்றி ஒரே கூட்டம். கணவர் தனசிங்குக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பாதிரியார், பால்காரர், எதிர்வீட்டு நாகம்மா என்று ஊரையே வரைந்தவள், கட்டினவனை மட்டும் விட்டுவிட்டாளே!

“பூவையெல்லாம் பறிச்சுத் தலையில வச்சுக்கலாம் போலிருக்குக்கா!” என்று பூப்படங்களை மெச்சிய தோழி ஜூடித், ஊர்க்காட்சிகள் பக்கம் வந்தாள். “அதென்ன, மணிக்கூண்டு, மார்க்கெட், ஸ்டேஷன்னு எல்லாத்துலயும் கூட்டத்துக்கு நடுவுல குட்டியா ஒருத்தர், மஞ்சள் பையோட சைக்கிள்ல பறக்கிறார்?”

தனசிங் தன் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

“உக்காருங்க, வரையறேன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? ‘நக்கோ, வேணாம், ஒர்க்‌ஷாப்புக்கு நேரமாச்சு’ன்னு ஓடுனீங்க,” என்றாள் ஐவி. “அதான் ஓட்டத்துலயே பிடிச்சுட்டேன்.”