கட்டிலுக்கு முன் ஒரு க்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ‘தந்த கட்டில்’ என்றால் கொடுத்த கட்டில். ‘தந்தக் கட்டில்’ என்றால் யானைத் தந்தத்தால் செய்த கட்டில். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு ‘க்’.

அடுத்தது: டிராகன் நாட்டு இளவரசனும் மூலிகை பறிக்கும் பெண்ணும் காதலிக்கும் அந்த நாவல் தொடர், ஐந்து பாகங்கள் வெளிவந்து சக்கைப்போடு போடுகிறது. இருவரும் இன்னும் விரலைக்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. தந்தக் கட்டில் அந்நாட்டில் ஒன்றே ஒன்று. அது இளவரசனின் படுக்கையறையில் இருக்கிறது. அவள் தங்கியிருப்பதோ அரண்மனையின் விருந்தாளி அறையில்.

ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியை எழுத்தாளர், “அவன் தந்த கட்டிலில் அவள் உறங்கினாள்” என்று முடித்திருந்தார். அச்சில் “அவன் தந்தக் கட்டிலில்” என்று வந்துவிட்டது.

வாசகர்களிடமிருந்து வாழ்த்தும் வசையும் மூட்டை மூட்டையாக வந்தன. ஆறாம் பாகத்தை வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்கப்போவதாக எழுத்தாளர் தொலைபேசியில் கத்தினார்.

பதிப்பாளர் மெய்ப்புத் திருத்தும் அறைக்குள் பாய்ந்தார். அங்கே இருவர். முப்பது ஆண்டுகளில் ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் தவறவிடாததால் ‘ஒற்றக்கா’ என்று பெயரெடுத்த மூத்தவர் ஒருவர். சேர்ந்து மூன்றே மாதமான சின்னவள் இன்னொருத்தி. சின்னவளின் இழுப்பறையில் ஐந்து பாகங்களும் இருந்தன.

“நீதானே இந்தக் கதைமேல கிறுக்கா இருக்கிறவ? ஆசையில ஒரு ‘க்’கைச் சொருகிட்டியா?”

“ஐயோ, இல்ல சார்! போட வேண்டிய இடத்துலயே எனக்கு ஒற்று வராது. வேண்டாத இடத்துல எப்படி சார் போடுவேன்?”

“சாமர்த்தியம் பேசாத. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

அவள் கண் கலங்கியது.

ஒற்றக்கா தலை நிமிராமல் கேட்டார். “என்ன கதைடி அது? ரெண்டாம் பாகத்துல செத்த டிராகன் மூணாம் பாகத்துல பறக்குது. அவ கண்ணு ஒரு பக்கத்துல பச்சை, அடுத்த பக்கத்துல நீலம். பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது, ஒருத்தராவது வைத்தியர்கிட்ட போகல. இதையெல்லாம் மனுஷி படிப்பாளா?”

“குறை இருக்குக்கா. ஆனா கீழ வைக்க முடியலையே!”

“பாத்தீங்களாம்மா, அவளே ஒத்துக்கிறா” என்றார் பதிப்பாளர்.

ஒற்றக்கா சிவப்புப் பேனாவை மூடினார். “அவளை விடுங்க சார். அந்த ‘க்’ நான் போட்டது.”

“கை தவறிடுச்சாம்மா?”

“என் கை எப்ப சார் தவறியிருக்கு?”

“அப்புறம் எதுக்குப் போட்டீங்க?”

“அஞ்சு பாகமா அந்தப் பொண்ணை விருந்தாளி அறையிலயே படுக்க வச்சா, பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?”

பின்னர் உறுதியானவை: சின்னவளின் வேலை நிலைத்தது. வாழ்த்தே மிகுதி என்று கண்ட எழுத்தாளர், மறுபதிப்பிலும் ‘க்’ இருக்கட்டும் என்றார். ஆறாம் பாகத்தில் கல்யாணம் நடந்தது. அந்தப் பாகத்தின் மெய்ப்பில் ஒற்றக்கா முப்பத்தொரு பிழைகளைத் தவறவிட்டிருந்தார். சின்னவள் அவற்றைக் கண்டுபிடித்து நீட்டியபோது அவர் சொன்ன விளக்கம் ஒன்றே:

“கல்யாண வீட்டுல எவளாவது பிழை பார்த்துக்கிட்டு நிப்பாளாடி?”