ஆளில்லாப் பின்வண்டி

"லீலா, நான் போய் உள்ளதைச் சொல்லிரட்டா?"

"இப்பமா? மேல பாருங்க, எவ்வளவு அழகாப் போகுது. வாயை மூடிட்டு நில்லுங்க."

நேசையன் மேலே பார்த்தான். சங்குமுகம் கடலுக்கு மேலே ஒரு சிறிய விமானம் போய்க்கொண்டிருந்தது. அதன் வாலில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில், வெள்ளைத் துணி போர்த்திய மரக் கிளைடர். அதற்கு எஞ்சின் கிடையாது, சத்தம் கிடையாது. பசுவுக்குப் பின்னால் கன்று போகிற மாதிரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலை வெயிலில் அதன் இறக்கை பால் நிறத்தில் தெரிந்தது. தான் செய்ததுதானா அது என்று நேசையனுக்கே சந்தேகம் வந்தது.

உள்ளே ஆளும் கிடையாது என்றுதான் விமான இலாகா அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அங்கேதான் உதைத்தது. உள்ளே அவன் மனைவி லீலாபாயின் தம்பி தங்கையன் இருந்தான்.

தங்கையன் நாகர்கோவிலிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு அரிசி மூட்டை கொண்டு வருகிற மாட்டுவண்டிக்காரன். அவன் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியும் வரும். பின்மாடுகளின் கயிற்றை முன்வண்டியில் கட்டியிருப்பான். பின்வண்டியில் ஆளே இருக்காது. ஏழு வருஷத்துக்கு முன்னால் கிழக்கேகோட்டையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேசையனுக்கு அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது. ஆகாயத்திலும் இப்படி ஒரு பின்வண்டி இருந்தால் என்ன?

மரப்பட்டறையில் படம் வரைகிறவனுக்கு வரக்கூடாத ஆசைதான். ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? தோவாளையில் விடியற்காலை பறித்த பிச்சிப்பூ, மொட்டு விரியுமுன் பம்பாய் போய்ச் சேரும். போனக்காட்டு மலைத் தேயிலை மேகத்துக்குள்ளே வரிசை வரிசையாக மிதந்து போகும். சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் இதையெல்லாம் சொல்லுவான். "சோறு ஆறுது, முதல்ல இறங்கி வாங்க" என்பாள் லீலாபாய்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. போன மாதம் மணல் மூட்டை ஏற்றி, தரையிலிருந்து பத்தடி உயரம் இழுத்துப் பார்த்தபோது கிளைடர் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடியது. அதை என்னென்னவோ செய்து சரிப்படுத்தினான். ஆனாலும் பயம் போகவில்லை. இரண்டு மணல் மூட்டையை இறக்கிவிட்டு, அந்த எடைக்குத் தங்கையனை உள்ளே ஏற்றிவிட்டான். திருப்புகிற கம்பை எந்தப் பக்கம் எப்போது இழுக்க வேண்டும் என்று பத்து நாள் பாடம் வேறு நடந்தது.

"இத்தனை பேரையும் ஏமாத்துதோமே லீலா."

"ஏமாத்துன்னு ஏன் நெனைக்கிய? பிள்ளை நடக்கப் படிக்கும்போ விரலைப் பிடிச்சு விடுகதில்லையா? அதுமாதிரிதான்."

"நாளைக்குப் பத்து செய்யுன்னு சொல்லுவாங்க. பத்துக்குள்ளேயும் ஒளிச்சு வைக்க நமக்கு ஏது பத்து மச்சினன்?"

லீலாபாய் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக அவளுக்கே வருத்தமாக இருந்தது. "எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா இதுக்காக நீங்க எத்தனை நாள் ஒறங்காம இருந்திய. அதை நான்லா பார்த்தேன்."

விமானம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. கிளைடரும் கூடவே சாய்ந்து திரும்பியது. மைதானத்துக்கு மேலே வந்ததும் விமானி கயிற்றை விட்டார். கிளைடர் அவசரமே இல்லாமல் இறங்கி, புல்லில் கொஞ்ச தூரம் சறுக்கி நின்றது. நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். நேசையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தாலா, வெட்கத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

அதிகாரி நேராக அவனிடம் வந்தார். திருச்சூர்க்காரர், சென்னையில் படித்ததால் தமிழும் பேசுவார்.

"கொள்ளாம் நேசையன், நல்லா இருக்கு. ஒரு குலுக்கம் இல்லை. பத்தெண்ணம் செய்ய இப்பவே எழுதித் தரேன்." காரின் மேல் காகிதத்தை வைத்துப் பேனாவைத் திறந்தார். "உள்ளே ஆளில்லாமப் பறந்ததே, அதுதான் காரியம். இல்லைன்னா எனக்கு இது வேண்டாம்."

லீலாபாய் பின்னாலிருந்து நேசையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும், ஏழு வருஷக் கனவு கையெழுத்தாகி வந்துவிடும். பேசினால் அதோடு சரி. மறுபடியும் யாரும் அவனை நம்பி ஒரு விமானம் தரப்போவதில்லை.

"சார், உள்ள ஆள் இருக்கு" என்றான் நேசையன். "என் மச்சினன். இது தானாப் பறக்கல. அவன்தான் ஓட்டினான்."

அதிகாரி பேனாவை மூடினார். கோபத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை நேரமும் என்னைப் பொட்டனாக்கினீங்க, வெறும் முட்டாளாக்கினீங்க, அல்லே?"

சட்டையைப் பிடித்திருந்த லீலாபாயின் கை மெல்ல விட்டது. அதிகாரி விறுவிறுவென்று கிளைடரிடம் போய், கொக்கியைத் தானே தூக்கிக் கதவைத் திறந்தார். நேசையனும் லீலாபாயும் பின்னாலேயே ஓடினார்கள்.

உள்ளே தங்கையன் மணல் மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். மேலே ஏறியதும் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி, நேசையன் காலையில் திருப்புகிற கம்பை இறுக்கிக் கட்டியிருந்த கயிறு, கட்டியது கட்டியபடி இருந்தது. முகத்தில் வெளிச்சம் பட்டதும் தங்கையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். கன்னத்தில் சாக்கின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க அத்தான், வண்டின்னு ஏறிட்டா எனக்கு ஒறக்கம் வந்திரும்" என்றான். "எப்பம் புறப்படுதோம்?"